லாஜிக்கல் டேட்டா மாடலில் பிழையா? அறிகுறியைப் பிடித்துத் தேடுங்கள்

வன்னியில் கமக்காரர் அமைப்பு, கூட்டுறவுச் சங்கம், பாற்சேகரிப்பு நிலையம் என்று பல இடங்களில் கொப்பிப் பதிவேடுகள் கணனிக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அந்த வேலையில் ஸ்பார்க்ஸ் எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்ட் போன்ற மென்பொருளில் முதலில் லாஜிக்கல் மாடல் (எந்த விவரங்களை வைப்பது, அவை ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபடும் என்று காட்டும் வரைபடம்) போட்டு, அதிலிருந்து தரவுத்தளத்தை உருவாக்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் திருத்தப் போகும் இடங்களில் திரும்பத் திரும்ப ஒரே பிழைகள்தான் வருகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் மென்பொருளின் பிழை இல்லை. வயலில் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்தவை.

அறிகுறியைத் தலைப்பில் தேடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் செலவில்லாத காரணம் முதலில், செலவான காரணம் கடைசியில் இருக்கும். இடையில் பிழை பிடிபட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். எதைத் தொடும் முன்பும் மாடல் கோப்பை இன்றைய திகதியோடு வேறு பெயரில் பிரதி எடுத்து வையுங்கள். அந்தப் பதிவேட்டைக் கொப்பியில் எழுதி வந்தவரின் தொலைபேசி இலக்கமும் பக்கத்தில் இருக்கட்டும். அவரிடம் கேட்கும் ஐந்து நிமிடம் பல நாள் வேலையை மிச்சம் பிடிக்கும்.

அறிகுறி: மொத்த ஏக்கர் பிழையாக வருகிறது

இதுதான் மிக ஆபத்தான பிழை. திரையில் எந்த எச்சரிக்கையும் வராது, அறிக்கை ஒழுங்காக அச்சாகும், அதை நம்பிப் பசளை பங்கிடப்படும். ஆகவே இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

முதல் சோதனைக்கு ஒரே ஒரு கமக்காரரை எடுங்கள். அவருடைய காணித் துண்டுகளைக் கொப்பியிலிருந்து கையால் கூட்டுங்கள். அறிக்கை சொல்லும் தொகையோடு ஒப்பிட்டு, வித்தியாசம் எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

*சரியாக இரண்டு அல்லது மூன்று மடங்காக வந்தால்*

மாடலில் கை வைக்காதீர்கள். பிழை பெரும்பாலும் அறிக்கைக்கு எழுதிய வினவலில் (தரவுத்தளத்திடம் விவரம் கேட்கும் கட்டளையில்) இருக்கும். உதாரணமாக, ஒருவருக்கு 2 ஏக்கர் துண்டு ஒன்று இருக்கிறது. அந்தப் போகத்தில் அடிக்கட்டுப் பசளை ஒரு தடவையும் மேற்கட்டுப் பசளை இரண்டு தடவையும் வாங்கியிருக்கிறார். பசளை அட்டவணையில் 3 நிரைகள் (கிடை வரிசைகள்). காணியையும் பசளையையும் இணைத்துவிட்டு ஏக்கரைக் கூட்டினால் 2 ஏக்கர் மூன்று தடவை வந்து 6 ஏக்கர் ஆகிவிடும்.

திருத்தம் எளிது. ஏக்கரைத் தனியாகக் கூட்டுங்கள், பசளையைத் தனியாகக் கூட்டுங்கள், கூட்டி முடித்த இரண்டையும் பிறகு இணையுங்கள். ‘டிஸ்டிங்க்ட்’ (ஒரே மாதிரி வருபவற்றில் ஒன்றை மட்டும் எடுக்கும் கட்டளை) போட்டுச் சமாளிக்கும் வழியை மட்டும் எடுக்காதீர்கள். ஒருவரிடம் 2 ஏக்கர் துண்டுகள் இரண்டு இருந்தால் அது ஒன்றை விழுங்கிவிடும். அப்போது பிழை எதிர்ப்பக்கம் போய்விடும், கண்டுபிடிப்பதும் இன்னும் கடினம்.

*சிலருக்கு மட்டும் கூடினால்*

ஒரே துண்டு இரண்டு பேரின் கீழ் ஏறியிருக்கிறது. அனுமதிப்பத்திரம் ஒருவர் பெயரில் இருக்கும், விதைப்பவர் இன்னொருவராக இருக்கும். பதிவு எடுத்த பிள்ளைகள் இரண்டு பேரிடமும் போய்க் கேட்டிருப்பார்கள், இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

வயலில் கேட்டால் விடை இப்படித்தான் வரும்: “காணி மனுசியின்ர பேரில இருக்கு, பிள்ளை. பாதி நான் செய்யிறன், மற்றப் பாதி மச்சானுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கு. அதுவும் போன போகத்தில இருந்துதான்.” இந்த ஒரு பதிலில் மூன்று விடயங்கள் இருக்கின்றன: காணிக்கு உரியவர் யார், செய்கை பண்ணுபவர் யார், எந்தப் போகத்தில். மாடலில் ‘கமக்காரர்’ என்று ஒரு பெட்டி, ‘காணி’ என்று ஒரு பெட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கோடு என்றால் இந்த மூன்றும் அதற்குள் அடங்காது.

திருத்தம்: ‘ஆள்’, ‘காணித் துண்டு’, ‘போகம்’ என்று மூன்று என்டிட்டிகளை (மாடலின் பெட்டிகளை) வையுங்கள். நான்காவதாக ‘செய்கை’ என்று ஓர் என்டிட்டியை அவை மூன்றுக்கும் நடுவில் வையுங்கள். ஒரு நிரை என்றால் ஓர் ஆள், ஒரு துண்டில், ஒரு போகத்தில் செய்த பயிர். அனுமதிப்பத்திரத்துக்கு உரியவர் யார் என்பது வேறு தொடர்பு. அதைச் ‘செய்கை’ வழியாகக் கொண்டுபோகாமல் ஆளுக்கும் துண்டுக்கும் இடையே தனியாக வரையுங்கள். உரியவர் மாறும் வரலாறும் தேவையென்றால், தொடங்கிய திகதி, முடிந்த திகதியோடு அதையும் ஓர் என்டிட்டி ஆக்குங்கள்.

மாடல் முழுவதையும் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு என்டிட்டிக்கும் இந்த வசனத்தை நிரப்பிப் பாருங்கள்: “இந்த அட்டவணையில் ஒரு நிரை என்றால் ஒரு …” நிரப்பும்போது ‘அல்லது’ என்ற சொல் வந்தால் அந்த என்டிட்டி இரண்டாக உடைய வேண்டும். ‘சில வேளை’ என்று வந்தால் அங்கே இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நிரப்பிய வசனத்தை அந்த என்டிட்டியின் குறிப்புப் பகுதியில் எழுதி வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் முதலில் தேடுவது அதைத்தான்.

*சிறுபோகத்தில் மட்டும் கூடினால்*

‘பரப்பளவு’ என்ற பண்பு (என்டிட்டிக்குள் வரும் ஒரு விவரம்) காணித் துண்டில் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். காலபோகத்தில் அநேகமாகத் துண்டு முழுவதும் விதைபடும். அதனால் அந்தப் பிழை மறைந்தே இருக்கும். சிறுபோகம் அப்படி இல்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழ், குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் எவ்வளவு ஏக்கர் விதைப்பது என்று போகத்துக்கு முன் நடக்கும் கூட்டத்தில் முடிவாகும். 3 ஏக்கர் துண்டு வைத்திருப்பவர் அந்தப் போகத்தில் 1 ஏக்கர்தான் விதைத்திருக்கலாம். அறிக்கை துண்டின் பரப்பளவை எடுத்தால் 3 என்றே சொல்லும்.

துண்டின் பரப்பளவு துண்டிலேயே இருக்கட்டும். ‘விதைத்த பரப்பளவு’ என்று இன்னொரு பண்பைச் ‘செய்கை’ என்டிட்டியில் சேருங்கள். இரண்டும் வேறு வேறு உண்மைகள். ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிட்டு எடுக்க முடியாது.

*காலபோகம் இரண்டு ஆண்டாகப் பிளந்து வந்தால்*

ஒக்டோபர் வாக்கில் விதைத்துப் பெப்ரவரி, மார்ச்சில் அறுக்கும் போகத்தை ‘ஆண்டு’ என்ற ஒற்றை எண்ணால் குறித்திருப்பீர்கள். விதைப்பு 2023 இல், அறுவடை 2024 இல் விழும். ‘போகம்’ என்பதைத் தனி என்டிட்டி ஆக்கி, அதற்கு 2023/24 காலபோகம் என்பது போல ஒரு பெயரும், தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் கொடுங்கள். விதைப்பு, அறுவடை, பசளை எல்லாம் அதன் சாவியைப் (ஒரு நிரையை அடையாளம் காட்டும் இலக்கத்தை) பிடித்துக்கொள்ளட்டும்.

*எந்த ஒழுங்கும் இல்லாமல் சிறு சிறு வித்தியாசமாக வந்தால்*

அலகைப் பாருங்கள். அனுமதிப்பத்திரத்திலும் உறுதியிலும் காணி அளவு ஏக்கர், ரூட், பேர்ச் என்று இருக்கும். 1 ஏக்கர் என்றால் 4 ரூட், 1 ரூட் என்றால் 40 பேர்ச். ‘2-1-20’ என்று எழுதியிருப்பது 380 பேர்ச், அதாவது 2.375 ஏக்கர். அதை யாரோ 2.12 என்று தசமமாக அடித்திருப்பார்கள். மாடலில் ஏக்கர், ரூட், பேர்ச் என மூன்று எண் பண்புகள் வையுங்கள், மொத்தத்தை அவற்றிலிருந்து கணக்கிடுங்கள். எழுத்து வகையில் ஒரே பண்பாக வைத்தால் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வரும்.

*எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்*

வினவலை மாற்றுவதும், இன்னும் தரவு ஏறாத மாடலைத் திருத்துவதும் நீங்களே செய்யக்கூடியவை. ஆனால் பிழையான ஏக்கரை வைத்து ஏற்கெனவே பசளையோ பணமோ கொடுபட்டுவிட்டது என்றால், முதன்மைச் சாவியை மாற்றுவதைத் தனியாகச் செய்யாதீர்கள். பழைய கொடுப்பனவுகளைத் தொடர்பு அறாமல் புதிய அமைப்புக்கு நகர்த்த, தரவுத்தளப் பெயர்ச்சி செய்து பழகிய ஒருவர் வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழக வளாகமும் வவுனியாவில் ஒரு பல்கலைக்கழகமும் இருக்கின்றன. கொழும்புக்கு எடுத்துக் கேட்கும் முன் அங்கே விசாரியுங்கள்.

அறிகுறி: ஒரே ஆள் இரண்டு தடவை இருக்கிறார், அல்லது புதிய ஆளைச் சேர்க்கவே விடுகிறதில்லை

*அடையாள அட்டை இலக்கம் 1.98ஈ+11 போல வந்தால்*

மாடலில் தவறில்லை. எக்செல் 12 இலக்க எண்ணை அப்படிக் காட்டும். அப்படிக் காட்டும் நிலையிலேயே சீஎஸ்வி (கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும். மூலக் கோப்பைத் திறந்து அந்த நிரலை (செங்குத்து வரிசையை) எழுத்து வகைக்கு மாற்றிவிட்டுத் திரும்பச் சேமியுங்கள். மாடலிலும் அடையாள அட்டை இலக்கம் எழுத்து வகையாகவே இருக்க வேண்டும். கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எதையும் எண் வகையில் வைக்காதீர்கள். தொலைபேசி இலக்கம், கிராம அலுவலர் பிரிவு இலக்கம் இரண்டும் முன்னால் நிற்கும் பூச்சியத்தை இழப்பது இதனால்தான்.

*ஒருவரே பழைய இலக்கத்திலும் புதிய இலக்கத்திலும் இருந்தால்*

2016 முதல் தேசிய அடையாள அட்டைகள் 12 இலக்கத்தில் வருகின்றன. அதற்கு முந்தியவை 9 இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும் கொண்டவை. பழையதைப் புதிய வடிவுக்கு மாற்றும் முறை: முன்னால் 19 சேருங்கள், பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு 0 சேருங்கள், கடைசி எழுத்தை விடுங்கள். இப்படி எல்லாவற்றையும் 12 இலக்கத்துக்குக் கொண்டுவந்து ஒரு தற்காலிக நிரலில் வைத்து ஒப்பிட்டால் இரட்டைகள் வெளியே வந்துவிடும். மூல இலக்கத்தை அழிக்காதீர்கள். கடிதங்களிலும் பழைய படிவங்களிலும் அதுதான் இருக்கும்.

*இலக்கமே இல்லாதவரைச் சேர்க்க முடியவில்லை என்றால்*

அடையாள அட்டை இலக்கத்தையே முதன்மைச் சாவியாக்கிய மாடல் இது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது. இடப்பெயர்வில் அட்டையைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும் மண் இது. அட்டை இல்லாத ஒரு விதவைத் தாய், ஒரு நிரைக்கு இலக்கம் இல்லை என்பதால் பட்டியலில் வராமல் போகக் கூடாது. அவரைச் சேர்ப்பதற்காகப் பதிவு செய்பவர்கள் 000000000 என்று அடிப்பார்கள். இரண்டாவது ஆளுக்கு அதுவும் ஏறாது, உடனே 000000001 என்று போகும். ஒரு சில மாதங்களில் எது உண்மை, எது பொய் என்று யாருக்கும் தெரியாது.

திருத்தம்: ‘ஆள்’ என்டிட்டிக்குப் பொருள் எதுவும் இல்லாத ஒரு உள் இலக்கத்தை முதன்மைச் சாவியாகக் கொடுங்கள். அடையாள ஆவணங்களைத் தனி என்டிட்டி ஆக்குங்கள்: ஆவண வகை, இலக்கம், பெற்ற திகதி. ஓர் ஆளுக்கு ஆவணம் எதுவும் இல்லாமலும் இருக்கலாம், பலவும் இருக்கலாம். பழைய அட்டை, புதிய அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள் அடங்கும். ஆவண வகையும் இலக்கமும் சேர்ந்து தனித்துவமாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அங்கே போடுங்கள்.

*இலக்கம் வேறு, பெயர் ஒன்று*

ஒரே கிராமத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது சாதாரணம். பெயரை வைத்து நிரைகளை ஒன்றாக்கிவிடாதீர்கள். ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டாயப் பண்பை வெளியூர் மாதிரிப் படிவத்திலிருந்து எடுத்துப் போட்டிருந்தால் அதை நீக்கி, ‘தந்தை பெயர்’, ‘சொந்தப் பெயர்’ என்று வையுங்கள். தந்தை பெயர், பிறந்த திகதி, கிராம அலுவலர் பிரிவு மூன்றும் ஒத்தால்தான் இரட்டை என்று சந்தேகிக்கலாம். அப்போதும் முடிவைக் கிராமத்தைத் தெரிந்தவர் எடுக்கட்டும்.

*எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்*

இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் அடையாள அட்டை இலக்கம் பல அட்டவணைகளில் அந்நியச் சாவியாக (வேறு அட்டவணையின் நிரையைச் சுட்டும் சாவியாக) பரவியிருந்தால் உடனே கூப்பிடுங்கள். மக்களின் அடையாள விவரம் இது. பிரதியை வெளியே கொடுக்கும் முன் யாருக்குக் கொடுக்கிறோம், வேலை முடிந்ததும் எப்படி அழிப்பார் என்று எழுத்தில் வாங்குங்கள்.

அறிகுறி: தமிழ் எழுத்து கெட்டு வருகிறது

*மாடல் கோப்புக்குள்ளேயே கேள்விக்குறிகள்*

குறிப்பைத் தமிழில் எழுதிச் சேமித்து, கோப்பை மூடித் திறந்தால் ‘????’ மட்டும் இருக்கும். எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்டின் பழைய இஏபி கோப்புகள் ஜெட் 3.5 என்ற வகையில் இருந்தால் யூனிகோட் எழுத்தை அவை தாங்காது. ஜெட் 4 வகை தாங்கும். 16 ஆம் பதிப்போடு வந்த கியூஇஏ கோப்பு எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் இருக்கும் தரவுத்தளம்) வகை, அதிலும் சிக்கல் இல்லை. புதிய வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கி, மென்பொருளிலேயே இருக்கும் புராஜெக்ட் டிரான்ஸ்ஃபர் வசதியால் மாடலை அதற்கு மாற்றுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறி ஆனவை திரும்பி வராது, அவற்றை மறுபடி அடிக்கத்தான் வேண்டும்.

*மாடலில் சரி, தரவுத்தளத்தில் கேள்விக்குறி*

எஸ்கியூஎல் சேர்வர் என்றால் அந்த நிரல் வார்சார் (வழக்கமாக யூனிகோட் தாங்காத எழுத்து வகை) வகையா என்று பாருங்கள். என்-வார்சார் ஆக மாற்ற வேண்டும். கையால் எழுதிய ஸ்கிரிப்ட் (கட்டளைக் கோப்பு) என்றால் தமிழ் எழுத்தின் மேற்கோள் குறிக்கு முன்னால் ஆங்கில ‘என்’ எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். மைஎஸ்கியூஎல் என்றால் அட்டவணையின் எழுத்துத் தொகுதி லத்தீன்1 ஆக இருக்கும், அதை யூடிஎஃப்-8 எம்பி4 ஆக்குங்கள். மாற்றத்தை மாடலில் செய்து, ஸ்கிரிப்டைத் திரும்ப எடுங்கள். தரவுத்தளத்தில் மட்டும் மாற்றினால் அடுத்த தடவை மாடலிலிருந்து எடுக்கும் ஸ்கிரிப்ட் பழைய பிழையைத் திரும்பக் கொண்டுவரும்.

*ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால்*

பாமினி எழுத்துருவில் அடித்த பட்டியல் அது. உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும்தான். எழுத்துரு மாற்றும் கருவி ஒன்றின் மூலம் யூனிகோட் ஆக்கலாம். ஆனால் முழு அட்டவணையையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். அடையாள அட்டையின் கடைசியில் நிற்கும் ஆங்கில வீ எழுத்து பாமினியில் ‘ஏ’, எக்ஸ் எழுத்து ‘ஓ’. அந்தக் கருவி அவற்றையும் தமிழாக்கிவிடும். நிரல் நிரலாக, தமிழ் இருக்கும் நிரல்களை மட்டும் மாற்றுங்கள்.

இன்னொன்று: பாமினியில் ‘இ’ எழுத்து கமா குறியில் இருக்கிறது. கமாவால் பிரிக்கும் கோப்பை மேற்கோள் குறி இல்லாமல் எடுத்தால், இரணைமடு, இராமநாதபுரம் என்று தொடங்கும் நிரைகள் மட்டும் ஒரு நிரல் வலப்பக்கம் நகர்ந்து நிற்கும். முதலில் யூனிகோட், பிறகுதான் சீஎஸ்வி.

*சில பெயர்கள் மட்டும் ஏறவில்லை என்றால்*

நீளத்தைப் பாருங்கள். யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு பிடிக்கும், மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள். ‘கிளிநொச்சி’ 10 குறி, 30 பைட்டு. ‘முல்லைத்தீவு’ 12 குறி, 36 பைட்டு. ஒராக்கிள் போல நீளத்தைப் பைட்டில் எண்ணும் தரவுத்தளத்தில் 30 என்று வைத்தால் மன்னார் ஏறும், வவுனியா ஏறும், கிளிநொச்சி மட்டுமட்டாக ஏறும், முல்லைத்தீவு ஏறாது. ‘புதுக்குடியிருப்பு’ 54 பைட்டு. லாஜிக்கல் மாடலில் நீளத்தை எழுத்தில் குறியுங்கள், பைட்டா எழுத்தா என்பதைத் தரவுத்தளத்துக்கு மாற்றும்போது தீர்மானியுங்கள். இடப்பெயருக்கு 100 வைப்பதால் நட்டம் ஒன்றும் இல்லை.

*பார்க்க ஒரே பெயர், கணனிக்கு மட்டும் வேறு*

‘நொ’ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, இணைப்பில் மட்டும் சேராது. தரவை ஏற்றும் படியிலேயே யூனிகோட் நார்மலைஸ் (எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருதல்) செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதற்கு உள்ளேயே ஒரு செயற்பாடு இருக்கிறது. அதைவிட நல்லது, இடப்பெயரைச் சாவியாகவே பயன்படுத்தாமல் மாவட்டம், பிரதேச செயலர் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு ஆகியவற்றைத் தனி என்டிட்டிகளாக்கி இலக்கத்தால் இணைப்பது.

மாதக் கணக்கில் சேர்ந்த தரவு முழுவதும் கேள்விக்குறி ஆகிவிட்டது என்றால், புதிய தரவு ஏற்றுவதை நிறுத்திவிட்டு, காப்புப் பிரதியிலிருந்து மீட்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: படத்தில் கோடு இருக்கிறது, தரவுத்தளத்தில் அந்நியச் சாவி இல்லை

முதலில், அந்தக் கோடு வெறும் கோடா என்று பாருங்கள். இரண்டு அட்டவணைக்கு நடுவே கோடு இழுத்ததும் எந்த நிரல் எதைப் பிடிக்கிறது என்று கேட்கும் பெட்டி வரும். அதை மூடிவிட்டால் கோடு மட்டும் மிஞ்சும். கோட்டின் மேல் வலது சொடுக்கி அந்நியச் சாவியைத் திறந்து இரண்டு பக்க நிரலையும் தெரிவு செய்யுங்கள். கோட்டின் முனை காகக்கால் குறியாக (‘பல’ என்று காட்டும் மூன்று கிளையாக) தெரியவில்லை என்பது வேறு விடயம். அது டயகிராமின் பண்புகளில் கோட்டுக் குறியீட்டை இன்ஃபர்மேஷன் என்ஜினியரிங் என்று மாற்றினால் வந்துவிடும்.

அடுத்து, அட்டவணைகளுக்குத் தரவுத்தள வகை குறித்திருக்கிறதா என்று பாருங்கள். வகை வெறுமையாக இருக்கும் அட்டவணைக்கு டிடிஎல் ஸ்கிரிப்ட் (அட்டவணைகளை உருவாக்கும் கட்டளைகள்) ஒழுங்காக வராது. முழுத் தொகுப்புக்கும் ஒரே தடவையில் வகையை மாற்றும் வசதி எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்டில் இருக்கிறது.

ஸ்கிரிப்டில் அந்நியச் சாவி இருக்கிறது, ஓட்டும்போதுதான் பிழை என்றால் மைஎஸ்கியூஎல் 1215 என்ற பிழை இலக்கத்தைக் காட்டும். 8 ஆம் பதிப்பில் வகை ஒத்துப்போகாவிட்டால் 3780 வரும். இரண்டு பக்கமும் ஒரே வகையா, ஒன்று குறியுள்ள முழு எண்ணாகவும் மற்றது குறியற்றதாகவும் இருக்கிறதா, எழுத்து நிரல் என்றால் எழுத்துத் தொகுதியும் கொலேஷனும் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) ஒன்றா என்று வரிசையாகப் பாருங்கள். தாய் அட்டவணை முதலில் உருவாகிறதா என்பதும் முக்கியம். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியின் நிலை அறிக்கையில் கடைசி அந்நியச் சாவிப் பிழை விளக்கமாகவே எழுதியிருக்கும். பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால், உள்ளே தாயில்லாத நிரைகள் இருக்கின்றன. காணியே இல்லாத செய்கை, ஆளே இல்லாத பசளை. அவற்றைப் பட்டியலாக எடுத்துக் கமநல சேவை நிலையத்துக் கொப்பியோடு ஒப்பிடுங்கள். கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு ஏற்றும் குறுக்கு வழி வேண்டாம்.

அறிகுறி: அழித்தது திரும்ப வருகிறது, அல்லது ஒரே என்டிட்டி இரண்டு இருக்கிறது

டயகிராமில் தெரிவு செய்து டிலீட் அழுத்தினால் அந்தப் படத்திலிருந்து மட்டும்தான் போகும், மாடலில் இருக்கும். மாடலிலிருந்தே அழிக்கக் கன்ட்ரோல் விசையோடு டிலீட். அதை அழுத்தும் முன் அந்த என்டிட்டி வேறு எந்தப் படங்களில் இருக்கிறது என்று பாருங்கள், எல்லாவற்றிலிருந்தும் போய்விடும். எந்தப் படத்திலும் இல்லாமல் உள்ளே கிடப்பவற்றை மாடல் தேடலில் இருக்கும் ‘ஃபைண்ட் ஓர்ஃபன்ஸ்’ பட்டியலிடும்.

இரட்டை வருவதற்கு வழக்கமான காரணம், பிரவுசரிலிருந்து இழுத்துப் போடும்போது ‘லிங்க்’ என்று தெரிவு செய்யாமல் ‘இன்ஸ்டன்ஸ்’ என்று தெரிவு செய்தது. இன்னொரு காரணம், எக்ஸ்எம்ஐ (மாடலைப் பரிமாறும் கோப்பு வகை) கோப்பாக வாங்கிய மாடலை உள்ளே எடுக்கும்போது அடையாளங்களை நீக்கும் தெரிவை இட்டது. அப்படிச் செய்தால் பழையதைப் புதுப்பிப்பதற்குப் பதிலாகப் புதுப் பிரதி ஒன்று உருவாகும்.

லாஜிக்கல் மாடலிலிருந்து அட்டவணை மாடலை உருவாக்கி, அந்த அட்டவணையில் ஒரு நிரலை அழித்தீர்கள், அடுத்த தடவை உருவாக்கும்போது அது திரும்ப வந்தது என்றால், அழிக்க வேண்டிய இடம் லாஜிக்கல் மாடல்தான். கையால் செய்த மாற்றங்கள் அட்டவணைப் பக்கத்தில் நிறைய இருந்தால், திரும்ப உருவாக்கும் முன் பிரதி எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

மாடல் கோப்பில் பழுது தேடும் புராஜெக்ட் இன்டெக்ரிட்டி சோதனையை முதலில் அறிக்கை மட்டும் தரும் நிலையில் ஓட்டுங்கள். அது பழுதுகளைக் காட்டினால், பிரதி எடுத்த பிறகே மீட்கும் நிலையில் ஓட்டுங்கள். அதன் பிறகும் பழுது மிஞ்சினால் உற்பத்தியாளரின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். கோப்புக்குள் இருக்கும் அட்டவணைகளை நீங்களே எஸ்கியூஎல் போட்டுத் திருத்த வேண்டாம்.

அறிகுறி: பெட்டிகள் இருக்கின்றன, பண்புகளைச் சேர்க்க இடமே இல்லை

ஆர்க்கிமேட் என்ற வரைபட மொழியில் ‘டேட்டா ஆப்ஜெக்ட்’ வரைந்திருக்கிறீர்கள். எந்தச் செயலி எந்தத் தரவைத் தொடுகிறது என்று காட்ட அது நல்லது. ஆனால் பண்பும் சாவியும் எழுதும் இடம் அது இல்லை. எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்டில் என்றால் லாஜிக்கல் மாடலைத் தனியாக வரைந்து, டேட்டா ஆப்ஜெக்டிலிருந்து அதற்கு ஒரு தொடர்பு கொடுத்தால் போதும். ஆர்க்கி என்ற இலவச மென்பொருளில் மட்டும் வேலை செய்பவர்கள் லாஜிக்கல் மாடலுக்கு வேறு கருவி எடுக்க வேண்டும். இதற்கு ஆள் கூப்பிடத் தேவையில்லை.

அறிகுறி: நேற்றுச் செய்த வேலை இன்று இல்லை

வேறு பிரதியைத் திறந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். யூஎஸ்பியில் ஒன்று, மேசைக் கணனியில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்று இருப்பதுதான் வழக்கம். மாற்றிய திகதியையும் கோப்பின் அளவையும் ஒப்பிடுங்கள்.

கோப்பு மேகக் கோப்புறையில் இருந்தால், பெயரின் கடைசியில் ‘கொன்ஃபிளிக்ட்’ என்று இன்னொரு பிரதி கிடக்கிறதா என்று தேடுங்கள். இணைப்பு விட்டு விட்டு வரும் இடங்களில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் இது நிச்சயம் நடக்கும். தேடி எடுத்தாலும் இரண்டையும் கையால்தான் சேர்க்க வேண்டும். அலுவலகத்துக்குள் பகிர்ந்த கோப்புறையில் கியூஇஏ கோப்பைப் பலர் திறப்பதும் பாதுகாப்பில்லை. வலையமைப்புக் கோப்புறைகளில் எஸ்கியூலைட்டின் பூட்டு நம்பகமாக வேலை செய்யாது. ஒரு நேரத்தில் ஒருவர் என்று ஒழுங்கு வையுங்கள், அல்லது மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற சேர்வரில் மாடலை வையுங்கள்.

மின்தடைக்குப் பின் கோப்பே திறக்கவில்லை என்றால் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்காதீர்கள். கோப்பையும் அதோடு அதே பெயரில் கிடக்கும் ‘ஜேர்னல்’ கோப்பையும் சேர்த்து வேறு இடத்துக்குப் பிரதி எடுங்கள். அந்த ஜேர்னலை அழித்துவிட்டால் மீட்க இருக்கும் நல்ல வழி போய்விடும். பிரதி எடுத்த பின் அந்தப் பிரதியை ஒரு தடவை திறந்து பாருங்கள். திறந்தால் சரி, உடனே புதிய கோப்புக்கு டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள். திறக்கவில்லை என்றால் இரண்டு கோப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு எஸ்கியூலைட் மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.